புத்தகத்தை மூடச் சொன்னது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்த ஞாபகசக்திப் பயிற்சியைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நடத்தியவர் யார் என்று நம் நீலகிரிப் பந்தலூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து என் சாயங்கால வகுப்பின் பெற்றோர் குழுவில் வரும் வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "டீச்சர், டெய்லி டெஸ்ட் வைக்காதீங்க, அது பழைய முறையாம். கலர் பேனாவுல கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிச்சாலே போதும்னு அந்த சார் சொல்லிட்டாரு."

நான் வைப்பதற்கு டெஸ்ட் என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது, ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசியது கிடையாது. சாயங்காலம் வந்து உட்கார்ந்ததும் புத்தகம் பைக்குள்ளேயே இருக்கட்டும் என்பேன். நேற்றுப் படித்ததில் நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதுவார்கள். அதன்பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு மையில் அவர்களே சேர்ப்பார்கள். சனிக்கிழமை போன வாரத்துப் பாடத்திலிருந்து கேட்பேன். மாதக் கடைசியில் எப்போதோ முடித்த பாடத்திலிருந்து கேட்பேன். இதுதான் நான் செய்யும் கொடுமை என்றால், ஆமாம், செய்கிறேன்.

புத்தகத்தை மூடினால்தான் படிப்பு. திறந்து வைத்துக்கொண்டு நாலு தடவை வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். பஸ் ஸ்டாண்டில் ஒருவரைப் பார்த்ததும் தெரிந்த முகமாக இருக்கிறது, பெயர் மட்டும் வரவில்லை என்று நிற்கிறோமே, அந்த நிலைமைதான் அது. பரீட்சை ஹாலில் கேட்பது பெயரை. முகம் தெரிந்திருந்து என்ன பயன்?

நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்பதால், ஆராய்ச்சி செய்தவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகள் கொடுத்தார்கள். ஒரு குழு நாலு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்து, மீதி மூன்று சுற்றும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61.

இதைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். ஐந்து நிமிடத்தில் ஜெயித்தது வாசித்தவர்கள்தான்! மண்டபத்தில் நீங்கள் கைதட்டியது அந்த ஐந்து நிமிடத்துக்கு. மேடையில் அந்தப் பயிற்சியாளர் இருபது வார்த்தையைக் கதையாகக் கோத்துச் சொல்லிக் கொடுத்தார், பிள்ளைகள் உடனே ஒப்பித்தார்கள், எல்லாரும் வீடியோ எடுத்தீர்கள். கதை கட்டி வரிசையை நினைவில் வைப்பது பொய் என்று நான் சொல்லவே இல்லை. வரிசைக்கு அது உதவும். தாவரம் எப்படி உணவு தயாரிக்கிறது என்று பிள்ளை விளக்குவதற்கு அது எப்படி உதவும்? அடுத்த ஞாயிறு வந்து அதே இருபது வார்த்தையை அதே பிள்ளைகளிடம் கேட்பாரா? கேட்க மாட்டார். அப்போது அவர் வேறு ஊர் மண்டபத்தில் இருப்பார்.

கலர் பேனா விஷயத்துக்கும் வருகிறேன். டன்லோஸ்கி என்ற உளவியல் ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை நடந்த ஆய்வுகளை வைத்து அலசினார்கள். மிகுந்த பலன் என்று அவர்கள் சொன்னது இரண்டுக்குத்தான்: தன்னைத்தானே கேள்வி கேட்டுச் சோதிப்பது, இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது. கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பலன் பட்டியலில்தான் இருக்கின்றன.

"அப்போ மனப்பாடம் பண்ணச் சொல்றீங்களா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இல்லை. புரியாததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பது எனக்கும் பிடிக்காது. என் பிள்ளைகள் சொந்த வார்த்தையில்தான் எழுதுகிறார்கள். தப்பாக எழுதினாலும் எழுதுகிறார்கள், பிறகு திருத்துகிறார்கள். எங்கே புரியவில்லை என்பது அந்தத் தாளில்தான் அவர்களுக்கே தெரிகிறது. இது ஏதோ வெளிநாட்டு விவகாரம் என்பவர்களுக்கு: நன்னூலில் பவணந்தி முனிவர் மாணவன் பாடம் பயிலும் முறையைச் சொல்லும்போது "கேட்டவை நினைத்தல்" என்று சொல்லிவிட்டார். அதே சூத்திரத்தில் "வினாதல் வினாயவை விடுத்தல்" என்றும் இருக்கிறது. கேள்வி கேட்பதும், கேட்டதற்குப் பதில் சொல்வதும். 13-ஆம் நூற்றாண்டு நூல். பழைய முறை என்று அந்தப் பயிற்சியாளர் சொன்னது ஒரு வகையில் உண்மைதான், அதில் எனக்குப் பெருமையே.

"பிள்ளைங்க பயப்படுறாங்க" என்பவர்கள் ஒரு நாள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது.

"அவர் கூட்டம் சேர்த்துட்டார்னு டீச்சருக்குப் பொறாமை" என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. மழைக்காலத்தில் ஃபீஸ் தர முடியாத வீட்டுப் பிள்ளைகள் யார் யார் என் வகுப்பில் உட்கார்ந்து படித்தார்கள் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். இருட்டுவதற்குள், ஆனை நடமாட்டம் தொடங்குவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் வீடு போய்ச் சேர்ந்ததா என்று போன் போட்டுக் கேட்பது யார் என்றும் தெரியும்.

உண்மையில் என்னைச் சுட்டது கலர் பேனா இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன ஒரு வாக்கியம். "எஸ்டேட் பிள்ளைகளுக்குக் கவனம் குறைவு, இவங்க எல்லாம் பார்வை வகை, படம் காட்டினாத்தான் ஏறும்." நீங்களும் தலையாட்டினீர்கள். பார்த்துப் படிக்கும் பிள்ளை, கேட்டுப் படிக்கும் பிள்ளை என்று வகை பிரித்து, அதற்கேற்ப நடத்தினால் நன்றாகக் கற்கும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று பாஷ்லர் முதலான ஆய்வாளர்கள் 2008-லேயே எழுதிவிட்டார்கள். ஆதாரம் கிடக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு எதுவும் ஏறாது என்று சொன்னதற்கு ஏன் தலையாட்டினீர்கள்?

என் அம்மா 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். கையெழுத்துப் போடத் தெரியாது. ஒரு நாளில் பறித்த தேயிலைக் கொழுந்தை எத்தனை முறை எடை போட்டார்களோ, அத்தனை எடையும் அம்மாவுக்கு மனதில் இருக்கும். லைன் வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அன்றைக்கு எடையைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வருவார். மறுநாள் சாயங்காலம் முந்தின நாளையும் சேர்த்துச் சொல்வார். சம்பள நாளில் கணக்கப்பிள்ளை ஏட்டில் குறைந்திருந்தால், "புதன்கிழமை மத்தியான எடை எங்கேய்யா?" என்று கேட்பார். ஏட்டைப் புரட்டித் திருத்துவார்கள். அம்மாவுக்கு எந்தப் பயிற்சியாளரும் சொல்லித் தரவில்லை. கையில் ஏடு இல்லை, கூலி போய்விடக் கூடாது, அதனால் தினமும் நினைத்து நினைத்துப் பார்த்தார். இந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகளுக்கா கவனம் குறைவு?

பிள்ளைகள் மறக்கிறார்கள் என்பது உண்மை. யார்தான் மறக்கவில்லை? 1885-இலேயே எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே படித்து, தானே எவ்வளவு மறக்கிறார் என்று அளந்து எழுதினார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதன்பிறகு மெதுவாகத்தான் போகிறது. ஜூலையில் கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்குக் கலெக்டர் மழை விடுமுறை விட்டுக்கொண்டே இருக்கிறார், கரண்டும் இருப்பதில்லை, பள்ளி திறந்ததும் பிள்ளைக்கு எதுவும் நினைவில்லை என்றால் அது மந்தம் இல்லை. எந்த ஊர்ப் பிள்ளைக்கும் நடப்பதுதான். மறக்க ஆரம்பித்த நேரத்தில் கஷ்டப்பட்டு நினைத்துப் பார்த்தால் முன்னைவிடப் பலமாக நிற்கும். அதற்குத்தான் அந்த விடுமுறைகளில் போனில் ஒவ்வொரு கேள்வியாக அனுப்பிக்கொண்டிருந்தேன். சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப்போய்ப் பதில் அனுப்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களையா கவனம் இல்லாதவர்கள் என்கிறீர்கள்?

இரண்டாம் கட்டப் பயிற்சிக்கு இன்னும் பணம் கேட்கிறார்களாம். ஒரு அக்கா தோட்டத்தில் அட்வான்ஸ் கேட்டிருப்பதாகச் சொன்னார். கட்டாதீர்கள் அக்கா. அந்தப் பணத்தில் பிள்ளைக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் விளக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள், கரண்ட் இல்லாத ராத்திரிக்கு ஆகும். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுப்படியில் இருந்தபடியே "இன்னைக்கு என்னடி படிச்ச, பார்க்காமச் சொல்லு" என்று கேளுங்கள். அவள் தடுமாறினால் தடுமாறட்டும், அவசரப்பட்டுப் புத்தகத்தைத் திறக்க விடாதீர்கள். முதல் கட்டத்துக்குக் கட்டியதைத் திருப்பிக் கேட்க விரும்புபவர்கள் எனக்குச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.