இலவசம் சரி, பஸ் எங்கே?
மகளிர் இலவசப் பஸ் பயணத்தால் நஷ்டம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதிக் கணக்குப் போட்டிருக்கிறார். அவர் ஒருநாள் விடியற்காலையில் சென்னையின் தெற்கே உள்ள கண்ணகி நகர், பெரும்பாக்கம் நிறுத்தங்களில் வந்து நிற்கட்டும். நகரின் நடுவிலிருந்து இந்த மக்களைப் பெயர்த்து இங்கே குடியமர்த்தியதே அரசுதான். இங்குள்ள பெண்கள் செய்யும் வீட்டு வேலையோ மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அப்படியே இருக்கிறது. இலவசப் பயணம் தொடங்கிய 2021 மே மாதத்துக்கு முன் சம்பளத்தில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கே போனது. அதை நஷ்டக் கணக்கில் யாரும் எழுதவில்லை!

என் புகார் வேறு. சலுகை சாதாரணக் கட்டணப் பஸ்களில் மட்டும்தான். அதற்காகக் காத்திருக்கையில், கூடுதல் கட்டணம் வாங்கும் டீலக்ஸ் பஸ்கள் கண்ணெதிரே போகின்றன. ஆறரை மணிக்குப் பாத்திரம் தேய்க்க வரச்சொல்லும் வீட்டில் ‘பஸ் வரவில்லை’ என்றால் யார் கேட்பார்கள்? ஐந்து மணியிலிருந்தே சாதாரணப் பஸ்களைக் கூடுதலாக விடுங்கள். டீலக்ஸைப் பத்து மணிக்கு மேல் ஓட்டிக்கொள்ளலாம்.