1929 அல்ல, 1881

"நியூயார்க்கில் குப்பை அள்ளத் துறை வந்ததே 1929-ல்தான், அதுவரை தெருக்களில் பன்றிதான் துப்புரவாளர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பன்றிகள் திரிந்தது உண்மைதான், ஆனால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதிக் கதை. 1929-ல் நடந்தது வெறும் பெயர் மாற்றம். தெருத் துப்புரவுத் துறை 1881-லேயே தனியாக அமைந்துவிட்டது. அதற்கு முன் அந்த வேலை போலீஸ் கையில் இருந்தது!

துறை இருந்தும் ஊர் நாறியது என்றால் ஒப்புக்கொள்கிறேன். கட்சிக்காரர்களுக்கு வேலை கொடுக்கும் இடமாகத்தான் அது ஓடியது. 1895-ல் கர்னல் ஜார்ஜ் வாரிங் ஆணையரானதும் நிலைமை மாறியது. துப்புரவாளர்களுக்கு வெள்ளைச் சீருடை கொடுத்தார். குதிரைச் சாணம் அள்ளுகிறவருக்கு வெள்ளையா என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அடுத்த வருடமே அந்தத் துப்புரவாளர்களை ஊர்வலமாக நடத்திக் காட்டினார். சாம்பல், உணவுக் கழிவு, உலர் குப்பை என வீட்டிலேயே தரம் பிரிக்கவும் வைத்தார். இன்று நாம் புதிதுபோலப் பேசும் அதே விஷயம்.

அவரிடமும் கோளாறு உண்டு. துர்நாற்றம்தான் நோயைப் பரப்புகிறது என்ற பழைய கொள்கையை விடாமல் பிடித்திருந்தார். கடைசியில் 1898-ல் கியூபாவின் ஹவானா நகரச் சுகாதாரத்தைப் பார்க்கப் போய், மஞ்சள் காய்ச்சல் தொற்றி ஊர் திரும்பி இறந்தார்.

அப்புறம், குப்பையைக் கடலில் கொட்டுவதை நியூயார்க் தானாக நிறுத்தவில்லை. பக்கத்து மாநிலமான நியூஜெர்சி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுத்த பிறகு, 1934-ல்தான் நின்றது.