ஜாதிக்காய்க்கு இடம் பார்க்கிறவர்கள் ஏப்ரலில் கிளம்புங்கள்

பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் ஜாதிக்காய் போட காலி நிலம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். ஜாதிக்காய்க்குக் காலி நிலம் எதற்குங்க? இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்து பழகிய மரம் அது. இந்த வெயிலில் மொட்டை நிலத்தில் நட்டால் இளங்கன்று கருகித்தான் போகும்.

நீங்கள் தேட வேண்டியது வயதான தென்னந்தோப்பு. 25 அடி இடைவெளியில் வைத்த தோப்பாக இருந்தால் நாலு தென்னைக்கு நடுவில் ஒரு கன்று வைக்கலாம். காலி நிலத்தைவிட விலை கூடத்தான், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிலம் வாங்கி, தென்னை வைத்து, அது நிழல் தரும்வரை காத்திருந்து, அப்புறம் ஜாதிக்காய் நட்டு, விதைக்கன்றாக இருந்தால் காய்க்கவே 7, 8 வருடம், நிறைந்த மகசூலுக்கு 15 வருடத்துக்கு மேல் என்றால், ஜாதிபத்திரியை (கொட்டையைச் சுற்றியுள்ள சிவப்புத் தோல்) காயவைக்கப்போவது உங்கள் பேரன்தான். (விதைக்கன்றில் பாதிக்குப் பாதி காய்க்காத ஆண் மரமாகிவிடும் என்பது தனிக் கதை. ஒட்டுக்கன்று வாங்குங்கள், சீக்கிரமும் காய்க்கும்.)

தோப்பிலும் தென்னையை முதலில் பாருங்கள். ஓலையின் கீற்றுகள் விலா எலும்பு மாதிரி உள்பக்கமாக வளைந்திருந்தால் கேரளா வேர்வாடல் நோயாக இருக்கலாம். இந்தப் பக்கம் அதனால் வெட்டிய மரங்கள் ஏராளம். நிழலுக்காகக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, நிழலையே வெட்டித் தள்ள வேண்டி வரும்.

அடுத்தது தண்ணீர். புரோக்கர்கள் உங்களை ஜூலையில்தான் கூப்பிடுவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் அடிக்கும்போது எல்லாத் தோப்பும் கேரளத்துச் சாலக்குடி மாதிரிதான் தெரியும். ஆனால் சாலக்குடி, காலடி ஆற்றங்கரைகளில் ஜாதிக்காய் அப்படிக் காய்ப்பதற்கு அந்த வண்டல் மண்ணும், இங்கே கனவு காணக்கூட முடியாத மழையும் காரணம். நமக்குக் கோடையில் பாசனம் செய்தே தீர வேண்டும். அதனால் ஏப்ரல் கடைசியில் போங்கள். கிணற்றை எட்டிப் பாருங்கள், மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். வாய்க்கால் பக்கத்தில் ஓடுகிறதே என்பார்கள். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர் மண்டலம் மாற்றி மாற்றி, முறை வைத்துத்தான் வரும், ஜாதிக்காய் அதுவரை பொறுக்காது. ஆழியாறு பழைய ஆயக்கட்டு நிலம், அதாவது அணைக்கு முன்பிருந்தே ஆற்றுப் பாசன உரிமை உள்ள நிலம், கிடைத்தால் யோகம், விற்கிறவர்தான் கிடைக்க மாட்டார்.

தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் அந்த இடம் வேண்டாம். வடிகிற செம்மண் நல்லது, களியும், சுண்ணாம்பு கலந்த சுக்கான் மண்ணும் ஆகாது. வேர் மேலாகவே ஓடுகிற மரம் என்பதால், கணவாய்க் காற்று நேராக அடிக்கிற ஓரத்தில் மரவேலி இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

குத்தகைக்கு எடுத்து நடலாமா என்றும் கேட்கிறார்கள். மூணு வருடக் குத்தகைக்கு மஞ்சள் போடலாம், வாழை போடலாம். இதை நட்டால், காய்க்கிற வயதில் தோப்புக்காரர் நிலத்தைத் திருப்பிக் கேட்பார்.

பத்திரத்தில் வில்லங்கம் எல்லோரும் பார்க்கிறார்கள், கிணற்றுப் பங்கை யாரும் படிப்பதில்லை. கூட்டுக் கிணற்றில் நாலில் ஒரு பங்கு என்றால் உங்களுக்கு முறை எந்த நாள், எத்தனை மணி நேரம், மற்ற பங்காளிகள் தனியாக போர் போட்டிருக்கிறார்களா என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமே கேளுங்கள். விற்கிறவர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.