அழுதவர்களை ஏன் பழிக்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் மைதானத்தில் திரையிட்ட கால்பந்துப் படத்தைப் பற்றிய அந்தப் பதிவை எல்லோரும் படித்திருப்பீர்கள். முதல் காட்சியிலேயே முடிவு தெரிந்துவிடும் படத்துக்குக் கண்ணீர் விடுகிறவர்கள் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர்களாம். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், மனம் கேட்கவில்லை.

முடிவு எங்களுக்கும் தெரியும். நாங்கள் கோப்பைக்காக அழவில்லை. எவர் கண்ணிலும் படாத ஒருவனை யாரோ ஒருவர் கவனித்துவிடுகிறாரே, அந்த இடத்துக்காகத்தான் இத்தகைய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். கோப்பைதான் காரணம் என்றால், 1976-இல் வந்த குத்துச்சண்டைப் படமான ‘ராக்கி’யை உலகம் ஏன் கொண்டாடியது? கடைசிப் போட்டியில் அவன் புள்ளிக் கணக்கில் தோற்றுத்தான் போகிறான். 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குத் தாண்டுதலின் இரண்டு போட்டிகளிலும் கடைசியாக வந்த எட்டி எட்வர்ட்ஸின் கதையையும் 2016-இல் படமாக எடுத்தார்கள். அதையும் மக்கள் மகிழ்ச்சியோடுதான் பார்த்தார்கள்.

என் அண்ணன் திருவிழாப் போட்டிகளில் இடது ஓரத்தில் ஆடியவர். கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவருக்கு, அணித் தேர்வுக்குப் போகும்போது இரவல் பூட்ஸ்தான் கிடைத்தது. அது பெரிதாக இருந்ததால் முனையில் அம்மாவின் பழைய சேலைத் துணியைத் திணித்துக் கட்டிக்கொண்டு போனார். அங்கே முதுகில் ஒட்டிய எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கடைசிவரை யாரும் பெயர் கேட்கவில்லை. திரும்பி வந்தவர், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போனார். அன்று படத்தில் கோல் விழுந்தபோது அவர் கை தட்டினார், அவ்வளவுதான். பயிற்சியாளர் அந்தப் பையனிடம் “உன் பேரு என்ன?” என்று கேட்ட காட்சியில்தான் உடைந்துபோனார்.

உழைத்தால் வெல்லலாம் என்ற பொய்யை இந்தப் படங்கள் விற்கின்றன என்பீர்கள். சில படங்கள் விற்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்யை நம்பி ஏமாறும் நிலையில் இங்கு யாரும் இல்லை. உழைத்தும் கிடைக்காதவற்றின் பட்டியல் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. திறமை இருந்தால் மேலே வரலாம், குமரி மாவட்டக் கடற்கரை ஊரான இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து வரை போகவில்லையா என்றும் கேட்பீர்கள். போனார், அவரை நினைத்துத் தூத்தூர் முதல் வள்ளவிளை வரை எங்கள் கரை முழுவதும் பெருமைப்படுகிறது. ஆனால் அதே மணலில் ஆடி, அதன்பின் கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லையே! கேட்காதவர்கள், அவர்கள் அழுவதைப் பார்த்து மட்டும் எப்படித் தீர்ப்பு எழுதுகிறீர்கள்? எங்கள் ஆட்கள் கடலில் காணாமல் போனால்தான் உங்களுக்கு எங்கள் கண்ணீர் புரியுமா?

பதிவை நீக்கச் சொல்லவில்லை. உங்கள் கருத்து உங்களோடு இருக்கட்டும். அதோடு போட்டிருக்கும் புகைப்படத்தில், முன்வரிசையில் துண்டால் முகத்தைத் துடைப்பவர் என் அண்ணன். அவரைக் கேட்காமல் எடுத்த அந்தப் புகைப்படத்தை மட்டும் இன்றே நீக்கிவிடுங்கள்.