பேர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் சுட்டி தரப்போவதில்லை. மெரினாவில் படம் எடுக்க ஏற்ற இடங்களில் உழைப்பாளர் சிலையும் ஒன்றாம். "வெள்ளைக்காரன் வச்ச சிலை" என்று ஒரு வரி. அடுத்து பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டார்கள்.

அதன் பின்னூட்டத்தில் மரியாதையாகத்தான் எழுதினேன். 1959-இல் வைத்த சிலை, வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்று. "பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது பெரியவரே" என்று பதில் வந்தது. அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் என் நண்பர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். பஸ் நிறுத்தத்துக்கே அந்தச் சிலையின் பெயர்தான். வாலாஜா சாலை கடற்கரையில் முட்டும் இடத்தில் தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து போகிறார்கள். அதே மெரினாவில் இருக்கும் காந்தி சிலையும் அவர் செய்ததுதான். அதையும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம்?

"வங்காளிக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து?" என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்டார். 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர் அவர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சிற்பி தனபாலும் அவரிடம் படித்தவர்கள். இருபத்தெட்டு வருடம் இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவரை இன்னும் வெளியூர்க்காரர் என்பீர்களா? சிலை நன்றாக இருந்தால் போதும், பெயர் எதற்கு என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் எழுதியதை யாராவது பெயர் போடாமல் பகிரட்டும், அப்போது பேசுவோம்.

என் அப்பா கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அலையைப் பார்க்க நான் இழுக்கிறேன், அவர் சிலையை விட்டு நகரவில்லை. பாறையோடு மல்லுக்கட்டும் அந்த நாலு பேரையும் சுற்றிச் சுற்றி வந்தார். "கால் ஊனியிருக்கிறதைப் பாருடா. பாரம் தூக்குறவனைப் பக்கத்துல நின்னு பார்த்தவன் செஞ்சது இது" என்றார். அப்புறம், "யாருடா செஞ்சது?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார். எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டபோது அவர் இல்லை.

தன் உடம்பைச் சரியாகப் பார்த்த ஒரு ஆளின் பெயரை அவர் கேட்டார். அதைச் சொல்ல இந்த ஊரில் அன்றைக்கு யாரும் இல்லை. பேர் தெரிந்து என்ன ஆகும் என்று கேட்ட தம்பிக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். பின்னூட்டத்தில் இதையெல்லாம் எப்படி எழுதுவது?

இன்னொன்றும் உண்டு. அந்த நாலு பேருக்கும் மாதிரியாக நின்றவர்கள் அந்த ஓவியப் பள்ளியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும். சிற்பியின் பெயருக்கே இந்தப் பாடு என்றால், மணிக்கணக்கில் பாரம் தள்ளுவதுபோல் நின்ற அந்தக் காவலாளியை யார் நினைப்பார்கள்? இரண்டு நாளாக ராய் சௌத்ரிக்காகச் சண்டை போடுகிறேன். ஆனால் ராத்திரி படுத்தால் அந்தக் காவலாளிதான் கண்ணில் நிற்கிறார். அவர் முகம் எனக்குத் தெரியாது. அப்பா முகமாகத்தான் தெரிகிறது.

அந்த மூன்று நண்பர்களும் இதைப் படிப்பார்கள். நான் யாரையும் நீக்கவில்லை. சிரிப்புக் குறியை எடுத்துவிட்டால் போதும்.