1993க்கு 18 வருஷம் முன்னாடியே
தமிழ்ல டிவியே 1993 ஏப்ரல் 14ல சன் டிவியோட தான் ஆரம்பிச்சதுங்கற மாதிரி உங்க பதிவுல எழுதியிருக்கீங்க, அதை ஒத்துக்க முடியல, அரசாங்க டிவியான மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15லயே வந்தாச்சு. கருப்பு வெள்ளை தான், சாயங்காலம் கொஞ்ச நேரம் தான், டிவி வச்சிருந்தா போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் பணம் வேற கட்டணும் (இதைச் சொன்னா என் பேரன் நம்பவே மாட்டேங்கறான்). திருவல்லிக்கேணில எங்க தெருவுல மாடி வீட்டுல மட்டும் தான் செட்டு, வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சி ஒளியும் ஒலியும் போட்டா ஜன்னல் கம்பியைப் பிடிச்சு நின்னு பாப்போம், விவசாய நிகழ்ச்சி வயலும் வாழ்வும் வந்தா கூட எழுந்து போக மாட்டோம், ஒரு சென்ட் நிலம் கிடையாது ஆனா உரம் போடுறது எல்லாம் தெரியும். மேல கமெண்ட்ல ஒருத்தர் தூர்தர்ஷன்னா இந்தி தானேன்னு கேட்டிருக்கார், டெல்லியிலிருந்து நாடு முழுக்கப் போடுற நேஷனல் புரோகிராம் 1982ல வந்தப்புறம் ராத்திரியில இந்தி ஓடுற அந்த எரிச்சல் இருந்தது வாஸ்தவம் தான் சார், ஆனா தமிழ் நாடகம், நேயர் கடிதத்துக்குப் பதில் சொல்ற எதிரொலி எல்லாம் அப்பவும் ஓடிட்டு தான் இருந்துச்சு.