பாலாற்று வெள்ளமும் பார்வர்டு வெள்ளமும்

கார்த்திகையில் நாலு தூறல் போட்டால் போதும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட வீடியோ, 'இன்று காலை, வேலூர்' என்று வாட்ஸ்அப்பில் மிதந்து வந்துவிடும். கூடவே ஆளுங்கட்சியைத் திட்டி ரெண்டு வரி. யார் ஆண்டாலும் பெயரை மாற்றினால் ஆச்சு!

ஐந்து கை மாறியதற்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடுகிறது. அதன்பிறகு ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்பலாம். நம்மாட்கள் விடுவார்களா? போனில் சேமித்து, புதுசாக ஏற்றுவார்கள். அம்புக்குறி காலி. பழைய கள், புது மொந்தை.

பழசா புதுசா என்று பார்க்க வழி இருக்கிறது: வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட், மேலே ஒட்டிய எழுத்தை வெட்டிவிட்டு, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் ஒரு தேடல். எழுத்தை விட்டுவைத்தால் அதே பொய்தான் திரும்ப வரும். டிவி பெயரில் வரும் நியூஸ் கார்டா? அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில், அதே தேதியில் இருக்கிறதா பாருங்கள். அரை நிமிஷம்தான், ஆனால் குடும்ப குரூப்பில் யாருக்கும் அது கிடைப்பதில்லை.

முழுப் பொய்யைவிடப் பழைய உண்மைதான் பெரிய தலைவலி. 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தல் நிஜமாகவே ரத்தானது. ஆகஸ்ட் 5-ல்தான் ஓட்டு போட்டார்கள். அந்தச் செய்தியில் தேதியை மட்டும் கத்தரித்தால், எந்தத் தேர்தலுக்கும் ஓடும்.